மொழிக்கு முதலில் வராத எழுத்து: வசை, வட்டாரம், வடசென்னை - சில குறிப்புகள்

எம்.ஏ. முதலாண்டு. சங்க இலக்கிய வகுப்பு. பாட்டில் 'அல்குல்' வந்தது. பேராசிரியர் 'இடை' என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனார். 'இடைக்கு வேற சொல்லு முன்னாடியே வந்துட்டுதே ஐயா' என்று கேட்டேன். 'இடையின் கீழ்ப்பகுதி' என்றார். 'கீழ்ன்னா எது வரைக்கும்?' வகுப்பு சிரித்தது. நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. ஆய்வாளர்கள் இன்றுவரை முட்டிக்கொள்ளும் கேள்வி அது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, 'நீ எந்த ஊருப்பா?' என்றார். திருவொற்றியூர் என்றேன். 'அதானே' என்றார்.

அந்த 'அதானே' பற்றித்தான் இக்கட்டுரை. ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வடக்கே நீளும் எங்கள் பகுதி, தமிழ்ப் பொதுப்புத்தியில் வசவின் தாய்நிலமாகப் பதிந்துபோயிருக்கிறது. கெட்ட வார்த்தை அங்கேதான் விளைகிறது, மற்ற ஊர்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போகிறது என்பது போல. எனக்குத் தோன்றுவது இதற்கு நேர்மாறானது. மெட்ராஸ் பாஷையின் பேர்பெற்ற வசைகளில் பல மேலிருந்து இறங்கியவை. சாஸ்திரத்திலிருந்து, தர்பாரிலிருந்து, போலீஸ் பட்டியலிலிருந்து. இறக்கியவர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். நாற்றம் மட்டும் எங்கள் விலாசத்தில் தங்கிவிட்டது.

இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன், தமிழ் எம்.ஏ.வுக்கு வேறு கதியில்லை. தொல்காப்பியம் எச்சவியலில் 'அவையல் கிளவி' என்று ஒன்றைச் சொல்கிறது. அவையில் சொல்லத் தகாத சொல். அதை மறைத்துச் சொல்ல வேண்டும். பின்னால் வந்த நன்னூல் 'இடக்கரடக்கல்' என்று இதைத் தகுதி வழக்கில் சேர்த்தது. தொல்காப்பியர் 'கெட்ட சொல்' என்று ஒரு வகையைச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கெடுதி சொல்லில் இல்லை, சொல்லப்படும் இடத்தில் இருக்கிறது. அடுத்த நூற்பா இன்னும் ருசியானது: பேச்சில் பழகி மருவிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்று விலக்கு அளிக்கிறது. சேனாவரையர் இதற்கு உதாரணமாக மாடு, யானை, ஆடு மூன்றின் கழிவுக்கும் உள்ள பெயர்களைக் கூச்சமில்லாமல் அடுக்குகிறார். ஆக, பழகிவிட்டால் தடையில்லை. யாருக்குப் பழகிவிட்டால்? உரையாசிரியர் இதைக் கேட்கவில்லை. அவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அதே சொல்லதிகாரம்தான் செந்தமிழ் நிலம் என்றும் அதைச் சூழ்ந்த பன்னிரண்டு நிலங்கள் என்றும் பேசுகிறது. உரைகாரர்கள் செந்தமிழ் நிலத்துக்கு வேலி போட்டுக் காட்டினார்கள்: வைகைக்கு வடக்கு, மருதாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. வேலிக்கு வெளியே உள்ள பன்னிரண்டின் பட்டியலில் கடைசிப் பெயர்கள் அருவா, அருவா வடதலை. தொண்டை மண்டலப் பக்கத்தைத்தான் இவற்றோடு பொதுவாக அடையாளம் காட்டுவார்கள். பந்தியில் கடைசி இலை எங்களுக்கு. மெட்ராஸ் என்ற ஊர் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த மண்ணின் பேச்சு செந்தமிழுக்கு வெளியே நிறுத்தப்பட்டாயிற்று.

ழகரத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைக்காரன் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்கிறான், இழுத்துக்கொண்டு என்பதை 'இஸ்துகினு' என்கிறான். நாடே சிரிக்கிறது. மதுரைக்காரர் 'வாளைப்பளம்' என்கிறார். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ழ பெரும்பாலும் ளகரத்தில்தான் போய் நிற்கிறது. அங்கெல்லாம் 'சிறப்பு ழகரம் செத்துவிட்டது' என்று யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. கொஞ்சம் அலுத்துக்கொள்வதோடு சரி. ழ என்ற ஒலி ள ஆவதும் ய ஆவதும் ஒலியியலில் ஒரே தரத்து மாற்றங்கள்தாம். ஒன்று வட்டார வழக்கு, மற்றது கொச்சை என்று ஆனது நாக்கினால் அல்ல, நாக்குக்குச் சொந்தக்காரன் யார் என்பதால்.

வட்டார அகராதிகள் இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகின்றன. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல். கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி 2007இல். மூன்றும் பெரிய உழைப்பு, மூன்றையும் நான் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் மூன்றின் பின்னாலும் ஏர் இருக்கிறது, மழை இருக்கிறது, காடு கழனி இருக்கிறது. நிலத்தோடு ஒட்டிய பேச்சுக்கு 'மண்வாசனை' என்று பெயர். எங்கள் பேச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கடல், கலம், கிரேன், ஷிப்ட் சங்கு, லாரி. மூட்டை சுமந்தவன், வலை இழுத்தவன், ரிக்‌ஷா மிதித்தவன். மண் இல்லாதவனுக்கு ஏது மண்வாசனை! ஜெயகாந்தன் இந்தப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தார், அது பெரிய காரியம். சினிமா அதைச் சந்திரபாபு, சோ, லூஸ் மோகன் வாயில் நகைச்சுவையாக வைத்தது. அகராதிக்காரனின் மரியாதை கிடைக்க வேண்டிய இடத்தில் காமெடியனின் கைத்தட்டல் கிடைத்தது.

தனித்தமிழ்க் கண்ணுக்கு இது இன்னொரு விதத்திலும் உறுத்தியது. இது கலப்பு மொழி. 'டப்பு'ம் 'நைனா'வும் தெலுங்கு. நாஸ்தா, பேஜார், கலீஜ், குஜால் எல்லாம் உருதுவின் வழியாக வந்தவை. அவற்றுக்குப் பின்னால் பாரசீகமும் அரபியும் நிற்கின்றன. 'துட்டு' டச்சுக்காரனின் செப்புக் காசு. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் அவர்கள் கோட்டை கட்டி ஆண்டார்கள்; கோட்டை போய்விட்டது, துட்டு நின்றுவிட்டது. துறைமுக ஊரின் பேச்சு உலகெங்கும் இப்படித்தான் இருக்கும். கலப்பை 'அசுத்தம்' என்று பார்க்கும் மனசுக்கும் கலப்பு மணத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் மனசுக்கும் தூரம் அதிகமில்லை.

இனி வசைகளுக்கு வருவோம்.

'கஸ்மாலம்'. மெட்ராஸ் பாஷை என்றதும் முதலில் நினைவுக்கு வரும் சொல். இதன் மூலம் 'கஸ்மலம்' என்ற சமஸ்கிருதச் சொல். அழுக்கு, இழிவு, மனக்கலக்கம். பகவத் கீதை இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் சுலோகத்தில் இருக்கிறது. போர்க்களத்தில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனைக் கண்ணன் கடியும்போது, எடுத்த எடுப்பிலேயே வாயில் வருவது இந்தச் சொல்தான். கீதை தொடங்குவதே ஒரு திட்டில்தான் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். தேவபாஷையில் இருந்த சொல் ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு எப்படி வந்திருக்கும்? எஜமானின் வாயிலிருந்து வேலைக்காரன் காதுக்கு என்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. திட்டு வாங்கியவன் அதை எடுத்துக்கொண்டு போய் இன்னொருத்தனைத் திட்டினான்.

'பேமானி'. ஈமான் என்பது அரபியில் இறைநம்பிக்கை. 'பே' என்பது பாரசீக எதிர்மறை முன்னொட்டு. நம்பிக்கை கெட்டவன், நேர்மையற்றவன். ஆழ்ந்த சமயப் பொருள் உள்ள சொல். ஆர்க்காட்டு நவாபின் ஊரில் கடன் கொடுத்தவனும் கணக்குப் பார்த்தவனும் சொல்லியிருக்க வேண்டியது, மீன் ஏலத்தில் வந்து நிற்கிறது. இதை ஒலிபெருக்கியில் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறவர்கள், இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது சொல்லைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 'கேப்மாரி'. திருடன், ஏமாற்றுக்காரன் என்ற பொருளில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் நாளுக்குப் பத்து தடவை சொன்ன சொல். தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலை எம்.ஏ. முடித்து வெகுகாலம் கழித்து வேறொரு வேலைக்காகப் புரட்டியபோது அதில் இந்தப் பெயர் இருந்தது: கேப்மாரிகள் - செங்கல்பட்டு, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள். திகைத்துப்போனேன். அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911 சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் சமூகம் சமூகமாகப் பட்டியலிட்டார்கள். பிறந்தாலே குற்றவாளி. இரவில் வருகைப் பதிவு, ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு. மாகாணத்தில் 1947இலும் இந்திய அளவில் 1952இலும் சட்டம் ஒழிக்கப்பட்டது. சட்டம் போனது, சொல் போகவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் மெட்ராஸை மூன்று பக்கமும் சூழ்ந்திருந்தது, எங்கள் திருவொற்றியூரும் அதில்தான் இருந்தது. போலீஸ்காரனின் பதிவேட்டிலிருந்து அந்தப் பெயர் தெருவுக்கு நடந்துவர அதிக தூரமில்லை. 2019இல் அதே பெயரில் ஒரு சினிமா வந்தது, போஸ்டர் ஒட்டினார்கள். வேறொரு சாதியின் பெயரை வசையாக வைத்து இப்படிப் போஸ்டர் ஒட்டிவிட்டு வீடு போய்ச் சேர முடியுமா என்று எண்ணிப் பார்க்கிறேன். பட்டியலில் பெயர் உள்ள ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழை நீட்டும்போது எழுத்தர் சிரிப்பாரா என்றும்.

இந்தத் துறைமுகம் வசையை இறக்குமதி மட்டும் செய்யவில்லை. உலக மொழிகளின் வசைக் கிடங்குக்கு இங்கிருந்து இரண்டு சொற்கள் கப்பலேறின. ஒன்று 'கூலி'. தமிழ்ச் சொல்லா, குஜராத்தின் கோலி என்ற இனப்பெயரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மூலம் எதுவாயினும் உழைப்புக்குக் கொடுக்கும் பணத்தின் பெயரும் உழைப்பவனின் பெயரும் ஒன்றாகிப்போனது. 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16 அன்று நேட்டாலில் டர்பன் துறையில் முந்நூற்றுச் சொச்சம் பேரை இறக்கியது. தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல். அங்கே அந்தச் சொல் இந்தியன் எவனுக்கும் மூஞ்சியில் அறைகிற வசையாயிற்று. இன்னொன்று, பறையர் என்ற சாதிப் பெயர். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் 'ஒதுக்கப்பட்டவன்' என்று பொதுப் பொருள் பெற்று, அதன் சொந்தக்காரர்கள் யாரென்றே தெரியாதவர்கள் கட்டுரைத் தலைப்பில் வைத்துக்கொள்ளும் சொல்லாக மாறிவிட்டது. 1886இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியைப் புரட்டினால், மட்டமான சாராயம், தெருநாய், பருந்து என்று வரிசையாக இந்தப் பெயரை முன்னால் ஒட்டி ஆங்கிலேயர் வழங்கிய பெயர்களைக் காணலாம். தமிழ் உலகுக்குக் கொடுத்த சொற்கள் என்று மேடையில் அடுக்குகிறவர்கள் கட்டுமரத்தையும் மிளகுதண்ணியையும் சொல்வார்கள். இந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள்.

(துறைமுகச் சொல் ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. இந்தியத் துறைமுகங்களில் கிரேனில் பாரம் தூக்கும் கலாசிகள் 'ஆரியா' என்று குரல் கொடுத்தால் 'கீழே இறக்கு' என்று பொருள். திராவிட இயக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போர்ச்சுகீசியத்தில் 'அர்ரியார்' என்றால் இறக்குவது. பழைய லஸ்கர் மாலுமிகளின் பாஷை.)

எங்கள் ஆயா காசிமேட்டில் மீன் எடுத்து ஏழுகிணறு பக்கம் தெருத்தெருவாக விற்றவர். 'மீன் மார்க்கெட் மாதிரி கத்தாதே' என்று சொல்லிப் பிள்ளைகளை அடக்குகிற தெருக்கள் அவை. இந்த ஒப்புமை நமக்கு மட்டும் சொந்தமில்லை என்று பக்தினைப் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். லண்டனின் மீன் சந்தை பில்லிங்ஸ்கேட். ஆங்கிலத்தில் அந்தச் சந்தையின் பெயரே வசைமொழிக்குப் பொதுப்பெயராகிவிட்டது. பாரீசில் மீன்காரியைக் குறிக்கும் 'புவாசார்ட்' என்ற சொல் தெருப்பேச்சின் ஓர் இலக்கிய வகைக்கே பெயரானது. மூன்று நகரங்கள், மூன்று மொழிகள், கெட்ட வார்த்தையின் விலாசம் மட்டும் ஒன்று. மீன் மதியத்துக்குள் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் நாறும். ஐஸ் வைக்கக் காசில்லாத பெண் பேரத்தில் குரலை உயர்த்தாமல் என்ன செய்வாள்? கணவனைக் கேட்காமல் காசை எண்ணுகிற, ஆம்பளையோடு சரிக்குச் சரி பேசுகிற பெண்ணை மூன்று ஊரின் கனவான்களும் ஒரே மாதிரி கேட்டிருக்கிறார்கள். பக்தின் ரபேலே பற்றிய நூலில் இந்தச் சந்தை மொழியைக் கொண்டாட்டம் என்றார். ஆயா கொண்டாடி நான் பார்த்ததில்லை. கூடையை இறக்கினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

வசை மொழிக்கு மொழி எதைத் தொடுகிறது என்பது தனிச் சுவை. கியூபெக் பிரெஞ்சுக்காரன் கோபம் வந்தால் மாதா கோயில் சாமான்களின் பெயரைச் சொல்கிறான்: திருவிருந்துக் கிண்ணம், நற்கருணைப் பேழை. பாதிரியார் ஆட்சி அங்கே அவ்வளவு அழுத்தியிருக்கிறது. டச்சுக்காரன் நோயின் பெயரைச் சொல்கிறான்: புற்று, காசம், காலரா. இதைப் படித்தபோது எனக்கு ஆயா ஞாபகம் வந்தது. ஆயா வாயில் அம்மா, அக்கா, தங்கச்சி வந்து நான் கேட்டதில்லை. 'பேதில போவ', 'பாடைல போறவனே', 'ஒன் கட்ட வேவ'. தெற்கே திருநெல்வேலிப் பக்கம் 'கொள்ளையில போவான்' என்பார்கள். அங்கே கொள்ளை என்பது திருட்டு அல்ல, கொள்ளைநோய். தாது வருசப் பஞ்சத்திலும் அதன் பின்னாலேயே வந்த காலராவிலும் செத்தவர்களின் கணக்கு இந்தச் சாபங்களில்தான் தங்கியிருக்கிறது. குழாயடியில் சண்டை முற்றினால் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றுவார். அது வசவில் சேராது, வழக்குத் தாக்கல், நீதிபதி மாரியாத்தா. பெண்கள் சபித்தார்கள், ஆண்கள் திட்டினார்கள் என்று பிரித்துவிடலாமா என்றால் முடியாது, குழாயடியில் எல்லாம் கேட்கும். ஆனாலும் சாய்வு அப்படித்தான்.

திட்டுவதற்கு உள்ள வினைச்சொல்லே ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் 'திட்டினான்', மதுரையில் 'வஞ்சான்', நெல்லையில் 'ஏசினான்', யாழ்ப்பாணத்தில் 'பேசினவர்' என்றாலே போதும். நெல்லையில் 'மூதி' கொஞ்சலாகவும் வரும். மூதேவியைச் சுருக்கிச் செல்லப்பிள்ளையாக்கி வைத்திருக்கிறார்கள். 'மயிர்' வள்ளுவரின் குறளில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. தெருவில் அதுவே அடிதடி. மலையாளத்திலும் அதே விதி: தலையில் இருப்பது முடி, பழைய சொல் கெட்ட வார்த்தையாகிவிட்டது. ஒரே சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுபோலத் தாழ்ந்திருக்கிறது.

சரி, சுற்றிவளைத்தது போதும். அந்த வார்த்தைக்கு வருகிறேன். 'ங்கோத்தா', 'ங்கொம்மா'. மேலே சொன்ன வாதம் இதற்குப் பொருந்தாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். இது சாஸ்திரத்திலிருந்து இறங்கவில்லை, போலீஸ் பட்டியலிலும் இல்லை. இலக்கணப்படி பார்த்தால் ங என்ற எழுத்து தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியம் அறவே அனுமதிக்கவில்லை. நன்னூல் 'அங்ஙனம்', 'எங்ஙனம்' போன்ற சொற்களுக்காகச் சுட்டையும் வினாவையும் முன்னால் நிறுத்தி ஓர் ஓரமாக இடம் கொடுக்கிறது. ஆயிரம் வருச விதியைத் தாண்டித் தமிழில் ஙகரத்தை முதலில் நிறுத்தியது இந்த வசைதான். உங்க ஆத்தா, உங்க அம்மா என்று பிரிக்கலாம். 'உன்' அல்ல, 'உங்க'. மரியாதைப் பன்மை! எழுவாய் மட்டும் இருக்கிறது, பயனிலை இல்லை. பயனிலை எல்லோருக்கும் தெரியும் என்பதால் விடப்பட்டிருக்கிறது. தொலைக்காட்சியில் 'ங்கொய்யால' என்று வருவது சுத்தமான இடக்கரடக்கல். பவணந்தி முனிவர் இருந்தால் தனி எடுத்துக்காட்டே கொடுத்திருப்பார்.

துறைமுகத்தில், பட்டறையில், படகில் இந்தச் சொல் பெரும்பாலும் யாரையும் திட்டுவதில்லை. மூச்சு விடுகிற இடம். என் அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் இரும்பு நழுவினாலும் இதுதான், லாட்டரி விழுந்தாலும் இதுதான். தொல்காப்பியர் சொன்ன மாதிரி மருவிவிட்டது என்று விட்டுவிடலாம். நானும் அப்படித்தான் ரொம்ப நாள் எழுதிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் ராஜ் கௌதமன் 'தலித் பண்பாடு' எழுதி, மேல்சாதி நாகரிகத்துக்கு எதிரான ஒரு பண்பாடு பற்றிப் பேசினார். பாமாவின் 'கருக்கு' வந்தது. பிறகு பெருமாள்முருகன் 'கெட்ட வார்த்தை பேசுவோம்' என்று தலைப்பிலேயே கதவைத் திறந்தார். இவையெல்லாம் என்னைப் போன்றவனுக்கு மூச்சு கொடுத்தன. ஆனால் இவற்றைப் படித்துவிட்டு நாங்கள் சில பேர் செய்தது வேறு. கூட்டத்தில், கவிதையில் 'ங்கோத்தா' போட்டால் கலகம் முடிந்தது என்று நினைத்தோம். ஒரு வாசிப்பு அரங்கில் நான் அப்படி வாசித்துவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்தபோது, பக்கத்து வரிசையிலிருந்து ஒரு மீனவப் பெண் தோழர் கேட்டார்: 'எங்கம்மாவ இஸ்துகினு வராம ஒனுக்குக் கலகம் பண்ணத் தெரியாதா?' பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. மருவிவிட்டது என்ற தீர்ப்பை எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பது மட்டும் அன்றைக்குத்தான் உறைத்தது. அவையில் யார் இருக்கிறார்கள் என்று சேனாவரையரைக் கேட்டேனே, அதே கேள்வி.

இனி தொழிற்சங்கம். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது; வாடியா தலைவர், செல்வபதி செட்டியாரும் திரு.வி.க.வும் உடன் நின்றவர்கள். குறைகளில் சம்பளம் இருந்தது, சோற்று இடைவேளை இருந்தது, வெள்ளைக்கார மேலாளர்களின் அடியும் ஏச்சும் இருந்தன. ஆக, 'எங்களை மனுஷனாகக் கூப்பிடு' என்பது தொழிற்சங்கத்தின் பிறப்பிலேயே உள்ள கோரிக்கை. ஆனால் மேடையில் வாடியா பேசியது ஆங்கிலம், திரு.வி.க. பேசியது தென்றல் தமிழ். தொழிலாளியின் நாக்கு கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே ஆலையில் ஒரே மாதிரி வசவு பேசிக்கொண்டு வேலை செய்தவர்கள்தாம். ஓர் ஆயிரம் 'ங்கோத்தா'வால் பிரியாதவர்களைப் பிரித்தது வேறு சொல், வேறு கணக்கு.

சினிமாவை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். காமெடியனிடமிருந்து இந்தப் பேச்சு கதாநாயகனுக்கு வந்தது முன்னேற்றம்தான். 'மெட்ராஸ்' (2014), 'சார்பட்டா பரம்பரை' (2021) இரண்டிலும் எங்கள் ஆட்கள் எங்கள் மாதிரியே பேசினார்கள். 2018இல் 'வடசென்னை' வந்தபோது மீனவர்கள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது, வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்துக் காட்சியை நீக்கினார். 'சொந்த வாழ்க்கையைப் பார்த்து இவர்களுக்கே கூச்சம்' என்று அப்போது ஒரு விமர்சக நண்பர் சொன்னார். கூச்சம் இல்லை. அடுத்தவன் அவையில் வைத்து நம் வீட்டுப் பேச்சைக் கேட்க நேர்கிறவனுக்கு வருவது வேறு.

கடைசியாக ஒரு காவல் நிலையம். எந்தக் காவல் நிலையம் என்பது வேண்டாம். 2022இல், எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி, ஐம்பது வயசிருக்கும், என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். சூபர்வைசர் பத்துப் பேர் முன்னால் திட்டிவிட்டான், கையை ஓங்கினான். ரைட்டர் பொறுமையானவர். கேட்டுக்கொண்டே எழுதினார். பிறகு படித்துக் காட்டினார்: 'மேற்படி நபர் என்னை அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடிக்க வந்து, கொலை மிரட்டல் விடுத்தார்.' தமிழ்நாட்டுப் புகார்களின் நிரந்தர வாக்கியம். அசிங்கமான வார்த்தை என்றால் இ.பி.கோ. 294(பி), 1860இல் வந்த சட்டம். (2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு, எண்தான் மாறியது.) பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினால் மூன்று மாதம்வரை.

'அசிங்கமா திட்டலீங்க சார்' என்றார் அண்ணன்.

'நீதானய்யா திட்டுனான்னு சொன்ன?'

'அம்மாவ, ஆத்தாவ இஸ்தா நானும் ரெண்டு குடுத்துட்டுப் பூட்டிருப்பேன். எங்க எல்லாரு வாய்லயும் வர்றதுதான் அது. சாதியச் சொன்னான் சார். சாதியச் சொல்லி, ஒனுக்கு இன்னாத்துக்குடா சேருன்னான்.'

ரைட்டர் என்னைப் பார்த்தார். 'அதையும் சேர்த்துத்தான் தம்பி அசிங்கமான வார்த்தைன்னு போட்டிருக்கு.'

1989ஆம் வருடச் சட்டம் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. பட்டியல் சாதியாரைப் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி வைவது தனிக் குற்றம்; 2015 திருத்தம் அதை இன்னும் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. சொன்ன வார்த்தை புகாரில் இருந்தாக வேண்டும். நான் இதைச் சொன்னேன், கொஞ்சம் புத்தகத் தமிழில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். ரைட்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

'அத எழுதுனா ஏ.சி. விசாரிக்கணும் தம்பி. நான் எழுத முடியாது. நாளைக்கு வாங்க.'

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. 'நாளைக்கும் அதே வார்த்தைதான சார்' என்றார். 'இன்னிக்கே எய்துங்க.'